மூன்றாம் பிரதி

மே 26, செவ்வாய்

இடமில்லையாம்.

காலையில் மடிக்கணினியைத் திறந்து, நினைவு மலருக்குப் பக்கம் போடும் மென்பொருளைத் தட்டினால் ஒரு சாம்பல் பெட்டி வந்து நிற்கிறது. புதிய பதிப்புக்கு மாறினால்தான் இனித் திறக்குமாம். சரி, மாறு என்றேன். மாறுவதற்குப் பதினைந்து ஜிபி வேண்டும், உன்னிடம் இருப்பது ஒன்று என்றது. சந்தைக்காரன்கூட இப்படி முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லமாட்டான்.

அப்படி என்ன சேர்த்து வைத்திருக்கிறேன்? அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த வேலையை விட்டு, வீட்டில் இருந்தபடியே செத்த வீடுகளின் முப்பத்தோராம் நாள் மலர் செய்யத் தொடங்கிப் பத்து வருடம். நூற்றி நாற்பது மலர்கள். அதாவது என் கணினிக்குள் இறந்தவர்கள் நூற்றி நாற்பது பேர். எல்லோருமே வந்தாரை இன்முகத்துடன் வரவேற்றவர்கள். ஒருவர்கூட ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. திருகோணமலையில் இவ்வளவு நல்லவர்கள் இருந்திருக்கிறார்கள், உயிரோடு இருந்தபோது ஒருவரையும் நான் சந்திக்கவில்லை என்பதுதான் குறை.

இப்போது கையில் இருப்பது கட்டைபறிச்சான் அன்னலட்சுமி அம்மாவின் மலர். மகன் நிருபன் போன கிழமை வந்து ஒப்படைத்தார். ஜூன் 11 முப்பத்தோராம் நாள். 8ஆம் திகதி திங்கள் காலை அச்சகத்துக்குப் போகாவிட்டால் புத்தகம் இல்லை. கலியாணத்துக்கு நாள் மாற்றலாம், இதற்கு ஏலாது.

இன்னொன்று. அவருடைய தேநீரில் சீனியை ஒன்றரைக் கரண்டியிலிருந்து ஒன்றாக்கி இன்றோடு ஒரு மாதம். வைத்தியர் சொல்லியும் கேட்காத மனிதர். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் என்றால் ஆனந்தராசா. என் கணவர். முப்பத்துநான்கு வருடம் கச்சேரி என்கிற அரச செயலகத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறையைக் காத்துவிட்டு, சித்திரையில் ஓய்வு பெற்று, இப்போது என்னைக் காக்கிறார். இந்தக் குறிப்புக்குள் மட்டும் அவருக்குப் பெயர் பதிவறை. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் குறிப்பையும் கணினியில் 'ஊறுகாய்' என்ற பெயரில்தான் வைத்திருக்கிறேன். ஊறுகாய் போடும் முறையை அவர் தேடிப் படிக்கப் போவதில்லை.

மே 27, புதன்

குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். கணினிக் குப்பைத் தொட்டியைச் சொல்கிறேன். இருநூறு எம்பி கிடைத்தது. யானைக்குப் பசி, நான் ஒரு சோளப்பொரி கொடுத்திருக்கிறேன்.

பதிவறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்டையும் அழியாதையும் பூரணி. அழிச்சாப் பிறகு கேட்டு வருவினம்."

"அப்ப இடத்துக்கு எங்க போறது?"

"இடம் தேடலாம். அழிச்ச கடதாசியைத் தேட ஏலாது."

இதற்கு நான் என்ன சொல்ல? இந்த மனிதரிடம் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. மின்சாரப் பட்டியலுக்கும் மூன்று. என்னுடைய கண் பரிசோதனைத் துண்டுக்கும் மூன்று. அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலப் பை தொங்குகிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, எல்லாம் அதற்குள். 'ஓடுற பை' என்பது வீட்டில் அதன் பெயர். முப்பது வருடமாகத் தொங்குகிறது. நான் அதில் வெங்காயம் போட்டு வைக்கலாமா என்று கேட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நியாயமும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் பாவம். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடியபோது இவருடைய பரீட்சைச் சான்றிதழ் வீட்டோடு எரிந்தது. கிண்ணியாவில் ஒரு சிநேகிதர் வீட்டில் கொடுத்து வைத்த பிரதிதான் பிறகு வேலை எடுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தாள் என்றால் உயிர்.

இருந்தாலும் மின்சாரப் பட்டியலுக்கு மூன்று பிரதி கொஞ்சம் அதிகம்.

மே 28, வியாழன்

ஹஜ் பெருநாள். பெருநாளன்று ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தெரியும். செய்தேன். இன்ஷிரா கிண்ணியாக்காரி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஆறு வருடமாக என் கணினிக்கு வைத்தியர் அவள்தான். போனில் பின்னால் பிள்ளைகள் சத்தம், தட்டுச் சத்தம்.

"அன்ரி, பெருநாளைக்கு வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறீங்க எண்டு நெனச்சன்."

"வாழ்த்து பிள்ளை. இடமில்லை எண்டுது."

சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தற்காலிகக் கோப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், எல்லாவற்றையும் தெரிவு செய்து அழியுங்கள். பழைய பதிப்பின் மிச்சங்கள் இருக்கும், அதையும். பிறகு இறக்கிய கோப்புகள் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள்.

பார்த்தேன். முப்பத்தேழு கலியாண அழைப்பிதழ்கள். ஒரே பிள்ளையார் படம் பதினொரு தடவை. வட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்கள், ரோசாப்பூவோடும் ரோசாப்பூ இல்லாமலும். எல்லாம் போயின. மொத்தம் நான்கு ஜிபி. இப்போது இருப்பது ஐந்துக்குக் கொஞ்சம் மேல். இன்னும் பத்து வேண்டும்.

"திங்கக்கிழமை கடை தொறக்கிறன். அதுக்கு முந்தி ஒண்ணும் பெரிசா செய்யாதீங்க அன்ரி."

எனக்கு எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள்.

மே 29, வெள்ளி

பதிவறை ஒரு மணித்தியாலம் கணினி வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறார், "என்ர வேலை ஒண்டு" என்கிறார். பத்திரிகை வாசிக்கிறாராக்கும் என்று விட்டுவிடுவேன். இன்று பத்து நிமிடத்தில் எழும்பி வந்துவிட்டார்.

"உம்மட மிசினில இடமில்லை."

நன்றி. எனக்குத் தெரியாது.

மே 30, சனி

பொறுமை கெட்டுப்போச்சு. கச்சான் காற்று வேறு, கூடம் முழுக்கப் புழுதி. மேசையைத் துடைத்துத் துடைத்து, அந்தக் கோபத்தில் பழைய மலர்களை அழித்தேன்.

2016 முதல் 2021 வரை. புத்தகங்கள்தான் அச்சாகி அலுமாரியில் நிற்கின்றனவே, கணினிக்குள் அவர்களுக்கு என்ன வேலை? குடும்பத்தார் ஒருவரும் திரும்பிக் கேட்டு வந்ததில்லை. "உங்களிட்டையே பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வாடகை இல்லாத குடியிருப்பு.

ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டுத்தான் அழித்தேன். தபாற்கந்தோர் ஐயா, போய் வாருங்கள். உங்கள் மருமகள் பாட்டில் எட்டு இடத்தில் தளை தட்டியது, திருத்தியது நான்தான். உப்புவெளி மாமி, உங்கள் வம்சவழிப் பக்கத்தில் இரண்டாவது மகனை விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை, அதற்குப் பேச்சும் வாங்கினேன். குப்பைத் தொட்டியையும் அப்போதே காலி செய்தேன்.

இவ்வளவும் செய்து கிடைத்தது ஒன்றேகால் ஜிபி. அத்தனை நல்லவர்களும் சேர்ந்து அடைத்த இடம் அவ்வளவுதான். அப்படியென்றால் மிச்சத்தை யார் தின்றது?

சீனி: இன்றிலிருந்து அரைக் கரண்டி. குடித்தார். கோப்பையை வைத்தார். ஒரு சொல் இல்லை. நாக்கும் ஓய்வு பெற்றுவிட்டதா?

ஜூன் 1, திங்கள்

திருடன் அகப்பட்டான்.

இன்ஷிரா கடை திறக்கும் முன்பே வீட்டுக்கு வந்தாள். கையில் பெருநாள் இனிப்பு, ஒரு பெட்டி வட்டிலப்பம். பதிவறை சந்தைக்குப் போயிருந்த நேரம், அதனால் வட்டிலப்பம் தப்பியது. கணினியை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள்.

"அன்ரி, ஒங்கட வேலைக் கோப்புறை தொண்ணூத்தஞ்சு ஜிபி."

"இருக்காது. மூண்டுக்கு மேல இருக்காது."

உள்ளே போனாள். என் மலர்களுக்குப் பக்கத்தில் ஐந்து புதிய கோப்புறைகள். முதலாவது: 'பூரணியின் கோப்புகளின் பிரதி, 24.04.2026, பாதுகாப்புக்காக.' இரண்டாவது அடுத்த வெள்ளி. மூன்றாவது அதற்கடுத்த வெள்ளி. தலைப்பைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. உலகத்தில் வேறு யார் 'பாதுகாப்புக்காக' என்று தலைப்பிலேயே எழுதுவார்?

வெள்ளிக்கிழமை வேலை இதுதான். எல்லாவற்றையும் தெரிவு செய்து, அதே இடத்தில் புதுக் கோப்புறை ஒன்று திறந்து, அதற்குள் பிரதி போட்டிருக்கிறார். இரண்டாம் வெள்ளி எல்லாவற்றையும் தெரிவு செய்தபோது முதலாம் பிரதியும் சேர்ந்து வந்தது. மூன்றாம் வெள்ளி முதலாவது, இரண்டாவது, இரண்டாவதுக்குள் இருந்த முதலாவது...

"மூணு ஆறாச்சு, ஆறு பன்னெண்டாச்சு, இருவத்துநாலு, நாப்பத்தெட்டு, தொண்ணூத்தாறு," என்றாள் இன்ஷிரா. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அல்லாஹ்வே, அங்கிள் இன்னொரு வெள்ளிக்கெழம விட்டிருந்தா லப்டொப் வெடிச்சிருக்கும்."

அழிக்கப் போனால் அழிய மறுத்தது. பெயர் அளவுக்கு மீறி நீளமாம். பிரதிக்குள் பிரதிக்குள் பிரதி, ஒவ்வொன்றிலும் 'பாதுகாப்புக்காக'. உள்ளே உள்ளே போய் ஒவ்வொன்றுக்கும் 'அ', 'ஆ' என்று சின்னப் பெயர் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

கடைசியாகத் தட்டுவதற்கு முன் நிறுத்தினாள். "இது பெரிசு அன்ரி, குப்பைத் தொட்டிக்குள்ள கொள்ளாது, ஒரேயடியா போயிரும். அசல்ல இருந்து நீங்க எதையும் அழிச்சீங்களா? அப்பிடியெண்டா ஒரு பிரதியை வெளிய எடுத்து வெப்பம்."

நேரம் இருந்தது. வழி இருந்தது. கேட்கவும் கேட்டாள். எனக்கோ தொண்ணூற்றாறு ஜிபி கோபம்.

"தேவையில்லை பிள்ளை. அழியும்."

அழிந்தது. நூறு ஜிபிக்குக் கிட்ட இடம். இன்ஷிரா போய்ப் பத்து நிமிடத்தில் அவர் சந்தைப் பையோடு வந்தார். நான் விட்டேனா? மனிதர் பையைக் கீழே வைக்குமுன் தொடங்கினேன். கடைசியில் சொன்னதுதான் கூடிப்போய்விட்டது. "முப்பத்துநாலு வருசம் கச்சேரியில பழங்கடதாசிக்குக் காவல் இருந்தது போதாதோ? என்ர மிசினுக்குள்ளயும் குப்பை சேர்க்கோணுமோ?"

அவர் பையைக் கீழே வைத்தார். மீனை எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு முன் விறாந்தைக்குப் போய்விட்டார்.

ஜூன் 2, செவ்வாய்

மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. முதல் தட்டிலேயே. சொல்லிச் சந்தோசப்பட வீட்டில் ஆள் இல்லை. இருக்கிறார், ஆனால் இல்லை.

ஜூன் 3, புதன்

நிருபன் வந்தார். பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்து முகமெல்லாம் புழுதி. தாயின் வரலாற்றை இரண்டு தாளில் எழுதி, அட்டைப்படத்துக்கு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். அன்னலட்சுமி அம்மா அதில் களவு செய்து பிடிபட்டவர்போல முழிக்கிறார்.

"இரண்டாயிரத்து ஆறில ஓடேக்க அல்பமெல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள் அக்கா. அதுக்குப் பிறகு எடுத்த படமெல்லாம் போனில இருக்குது. பாருங்கோ."

பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றில் உம்மென்ற முகம், இல்லாவிட்டால் வாயைப் பொத்திய கை.

"அம்மாக்கு முன்பல்லு ஒண்டு ஏறினது. அதில சரியான வெக்கம். சிரிப்பு வந்தா முதல் கைதான் வரும். ஆனா அக்கா, எங்கட அம்மாதான் ஊரிலேயே கூடச் சிரிக்கிற ஆள். சொன்னா ஆர் நம்புவினம், இந்தப் படங்களைப் பாத்து?"

அவர் வேறு கதை கதைத்துக்கொண்டு போனார். ஈச்சிலம்பற்று சிவாஜினியின் கலியாணத்தில் அம்மாதான் ஆலாத்தி எடுத்தவ, இரண்டாயிரத்து நாலில், அன்றைக்கு மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று விழுந்து அம்மா சிரித்த சிரிப்பு...

எனக்குப் பொறி தட்டியது. சிவாஜினியின் தகப்பனுக்கு 2021இல் மலர் செய்தது நான். மகள் கலியாணத்தில் அவர் நிற்கும் படம் ஒன்று போட்டோம். பக்கத்தில் ஆலாத்தித் தட்டோடு ஒரு பெண், வாயைத் திறந்து, ஏறின பல் தெரிய, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். இறந்தவர் மலரில் இவ்வளவு சிரிப்பு ஆகாது என்று நான்தான் வெட்டிவிட்டேன். ஆனால் முழுப்படம் கோப்பில் இருந்தது.

"இருக்குது!" என்றேன். "நிருபன், உங்கட அம்மா சிரிச்ச படம் என்னட்ட இருக்குது!"

அவர் எழுந்திருந்தவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். "மெய்யாவே அக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

கேற்றை மூடிவிட்டு வரும்போதுதான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. 2016 முதல் 2021 வரை.

நான் என்ன செய்துவிட்டேன்?

ஜூன் 4, வியாழன்

அலுமாரியிலிருந்து சிவாஜினி தகப்பனின் மலரை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பக்கம். ஆலாத்தித் தட்டின் விளிம்பு தெரிகிறது. இரண்டு வளையல் தெரிகிறது. அதற்கு மேல் என் கத்தரி.

சிவாஜினிக்கு எடுத்தேன். "கார்த்திகை வெள்ளத்தில அல்பம் முழுக்க ஒட்டிப்போச்சு அக்கா. உரிச்சுப் பாத்தம், நிறம்தான் கையோட வந்தது. வீடியோவும் பூஞ்சணம் பிடிச்சிட்டுது."

இன்ஷிராவிடம் ஓடினேன். அழிந்ததைத் தேடும் மென்பொருள் ஏதோ போட்டுக் கணினியை இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தாள். பிள்ளையார் படம் ஒன்று திரும்பி வந்தது. மற்றது ஒன்றும் இல்லை. "இந்த வகை டிஸ்க்ல அழிச்சா மீட்க ஏலா அன்ரி. மேல புதுப் பதிப்பும் ஏறிட்டு." நான் அன்றைக்குக் கேட்டேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 5, வெள்ளி

காலை எட்டுக்கு நிருபனிடமிருந்து செய்தி. "அக்கா, படம் கிடைச்ச விசயம் தங்கச்சிக்கும் சொல்லிட்டன். ராத்திரி முழுக்க அழுதவ. சந்தோசத்தில."

போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பத்து வருடம் மற்றவர்களின் இறந்தவர்களைப் பற்றிப் பாட்டெழுதித் திருத்தி, பல்லுத் தெரியச் சிரித்த ஒரே ஒரு மனுசியை நானே இரண்டு தரம் அழித்திருக்கிறேன். முதல் தரம் கத்தரியால், இரண்டாம் தரம் கோபத்தால்.

இன்று வெள்ளி. பதிவறை கணினி கேட்கவில்லை. கச்சேரிக்கு விடுமுறை விட்டும் வீடு போகத் தெரியாத பியோன்போல விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நாலு நாளாகக் கதை இல்லை. "சாப்பாடு போடவோ", "ஓம்". அவ்வளவுதான். குற்றவுணர்ச்சியில் நேற்று தேநீருக்கு ஒரு முழுக்கரண்டி சீனி போட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் அவர் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் பத்திரிகையை மடித்தார்.

"எந்த வருசக் கோப்பு?"

"இருபத்தொண்டு."

"அழிச்சது எண்டைக்கு?"

"முப்பதாந் திகதி."

"ம்."

எழும்பி உள்ளே போனார். ஆணியிலிருந்து ஓடுற பையை இறக்கினார். காணி உறுதி, விவாகப் பதிவு, பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாவற்றையும் வரிசை குலையாமல் கட்டிலில் வைத்தார். அடியில் அவருடைய பழைய கண்ணாடிக் கூடு. அதற்குள் பொலித்தீனில் சுற்றி இறப்பர் வளையம் போட்ட ஒரு பென்ரைவ். ஒரு துண்டுத் தாள் ஒட்டி, உருண்டை உருண்டையாக: '3ஆம் பிரதி. 24.04.2026.'

"முதல் வெள்ளியே எடுத்திட்டன். பிறகு பிறகு இதில கொள்ளேல்லை, விட்டிட்டன்."

அவசரத்தில் மூன்றாம் தரம்தான் பென்ரைவைச் சரியாகச் செருகினேன். 2021. சிவாஜினி அப்பா. படங்கள். திறந்தேன்.

இருக்கிறார். தட்டோடு, ஏறின பல்லோடு, தலையைச் சாய்த்து. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் கணினித் திரையைப் பார்த்து, "நல்லாத்தான் சிரிக்கிறா" என்றார்.

"மூண்டு பிரதி எண்டா மூண்டும் ஒரே இடத்தில வைக்கிறதில்லையப்பா. அது பிரதி இல்லை, குவியல்," என்றும் சொன்னார்.

"அப்ப லப்டொப்புக்குள்ள அஞ்சு வைச்சது?"

"அது பழகிப் பாத்தது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால், அதில் 'ஊறுகாயும்' இருக்கிறது. எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"இதுகளைத் திறந்து கிறந்து பாத்தனீங்களோ?"

முகட்டைப் பார்த்தார். "பிரதி எடுக்கிறவன் வாசிக்கிறதில்லை பூரணி. அது வேற ஆளின்ர வேலை."

சரி. அரச உத்தியோகத்தர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

காலை ஒன்பதரைக்கு அச்சகத்தில் ஒப்படைத்தாயிற்று. அட்டையில் அடையாள அட்டைப் படம் இல்லை, பெயர் மட்டும். உள்ளே முதல் பக்கம் முழுவதும் அந்தச் சிரித்த படம். இம்முறை ஒன்றையும் வெட்டவில்லை. கீழே இடப்பக்கம் மாப்பிள்ளையின் தலைப்பாகை விழுந்து கிடப்பதும் தெரிகிறது, கிடக்கட்டும்.

வரலாற்றில் 'வந்தாரை இன்முகத்துடன் வரவேற்ற' என்று நிருபன் எழுதியிருந்தார். நூற்றி நாற்பத்தோராவது தடவை. அழிக்கவில்லை. இது ஒன்று உண்மை.

ஜூன் 11, வியாழன்

கட்டைபறிச்சான் போய் வந்தோம். இருவரும்தான். பதிவறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, புத்தகக் கட்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மூன்று கட்டு.

நிருபன் ஒரு புத்தகத்தை எடுத்தார், திறக்கவில்லை. தங்கையிடம் கொடுத்தார். தங்கைதான் திறந்தார். முதலில் சிரித்தார், சத்தமாக, தாயைப்போலவே தலையைச் சாய்த்து. சிரித்த வேகத்திலேயே கை வாய்க்குப் போனது. பாதியில் நிறுத்திக் கையை இறக்கிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் நிருபன் அழுதார்.

"பாருங்கோ அக்கா," என்றார், படத்தில் விரலை வைத்து. தட்டைப் பிடிக்காத கை நெஞ்சளவுக்கு உயர்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. "கை வாறதுக்குள்ள படக்காரன் எடுத்திட்டான்."

வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அன்னலட்சுமி அம்மாவின் கதைகள் ஒவ்வொன்றாக வெளியில் வந்தன, முக்கால்வாசி மலரில் போட முடியாத கதைகள். செத்த வீட்டுப் பந்தலில் இவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை.

பதிவறை மூன்று வடை சாப்பிட்டார். ஒன்று அசல், மற்ற இரண்டும் பிரதியாக்கும்.

ஜூன் 12, வெள்ளி

இன்ஷிரா கடையில் வெளியே செருகும் டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன். நானே அவரைக் கூப்பிட்டேன். "வாங்கோ, வெள்ளிக்கிழமை. உங்கட வேலையைச் செய்யுங்கோ." கணினிக்குள் வேண்டாம், இதற்குள் போடுங்கள், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள் என்று காட்டிக்கொடுத்தேன். இரண்டு தரம் தலையாட்டினார். ஒரு தாளில் குறித்தும் கொண்டார். நான் குசினிக்குப் போய்விட்டேன். ஒரு மணித்தியாலம் எடுத்தார். மூன்று ஜிபி பிரதி எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

தேநீரோடு வந்து பார்த்தால், டிஸ்க் சின்னத் துவாய்த் துணியில் சுற்றி, துண்டுத்தாள் ஒட்டி, ஓடுற பைக்குள் போகத் தயாராக இருக்கிறது. அதே உருண்டைக் கையெழுத்து: 'பதிவறை. பிரதி 1. 12.06.2026.'

பதிவறை.

அந்தச் சொல்லை நான் இந்த வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் ஒன்றும் நடக்காததுபோலக் கோப்பையை வாங்கிக் குடித்தார். அரைக் கரண்டிச் சீனித் தேநீர். நான் அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சித்திரையிலிருந்து நான் சீனி குறைத்ததையெல்லாம் அன்றன்றே இதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் சீனி காணாது, சீனி காணாது என்று கோப்பையைத் திருப்பித் தந்த மனிதர், தெரிந்துகொண்டே, ஒரு சொல் சொல்லாமல் குடித்திருக்கிறார்.

நாக்கு ஓய்வு பெறவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. இதை வேறு பெயரில் ஒளிக்கப் போவதும் இல்லை, ஊறுகாயாகவே இருக்கட்டும். இனி வெள்ளிக்கிழமைத் தேநீருக்கு மட்டும் ஒரு முழுக்கரண்டி. வாயால் சொல்லமாட்டேன். அடுத்த வெள்ளி பிரதி எடுக்கும்போது தெரிந்துகொள்வார்.